பழைய மோட்டார் வண்டியும் புதிய பிரேக்கும்

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் தரைமட்டத்திலிருந்து மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தை எட்டியது. 1902ஆம் ஆண்டில் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்து சேர்ந்த இத்தங்கவயலில், பல தலைமுறைத் தொழிலாளர்கள் எஃகுக் கயிற்றில் தொங்கிய கூண்டில் ஏறி நாள்தோறும் நிலத்தடிக்குச் சென்று திரும்பினர். அவர்களுடைய உயிர் கயிற்றின் வலிமையை மட்டும் நம்பியிருக்கவில்லை. கூண்டை இயக்கும் எந்திரத்தின் பிரேக்கையும் நம்பியிருந்தது.

சுரங்க எந்திரங்களின் பிரேக்கில் ஓர் அடிப்படைத் தத்துவம் உண்டு. அங்கே காற்றழுத்தமோ எண்ணெய் அழுத்தமோ பிரேக்கை விலக்கி வைப்பதற்கே பயன்படுகிறது. அவ்வழுத்தம் அற்றுப்போனால், கனத்த எடைகளோ சுருள்வில்களோ பிரேக்கைத் தாமாகவே அழுத்தி எந்திரத்தை நிறுத்திவிடும். அதாவது, பழுது நேர்ந்தால் அது நிற்றலில் முடியவேண்டுமேயன்றி ஓட்டத்தில் முடியலாகாது என்பதே அத்தத்துவம்.

சாதாரண மோட்டார் காரின் அமைப்பு இதற்கு நேர்மாறானது. காரில் அழுத்தம் இருந்தால்தான் பிரேக் பிடிக்கும்; அழுத்தம் போனால் பிரேக்கும் போய்விடும். பழைய கார்களின் பிரேக்கை மேம்படுத்துவது குறித்து இன்று நடைபெறும் விவாதங்களில் பெரும்பாலும் மறக்கப்படுவது இந்த வேறுபாடேயாகும். சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டில் மூடப்பட்டுவிட்டன. எனினும் அவை கற்பித்த பாடம் ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் உள்ள மோட்டார்ப் பட்டறைகளுக்கு இன்றும் பொருந்துவதாகும்.

விவாதத்தின் இரு தரப்புகள்

அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற வண்டிகளைத் தென்னாட்டில் அன்புடன் பேணிவருவோர் பலர். தந்தையார் வாங்கிய வண்டி என்பதற்காகவே அதனை விற்காமல் வைத்திருக்கும் குடும்பங்களும் உண்டு. இவ்வண்டிகளின் பிரேக்கைப் பற்றி இருவேறு கருத்துகள் நிலவுகின்றன.

ஒரு சாரார், உற்பத்தியாளர் அமைத்தது எதுவோ அதுவே இருத்தல்வேண்டும் என்பர்; ஒரு திருகாணியை மாற்றினாலும் வண்டியின் பழைமை கெட்டுவிடும் என்பது அவர்கள் கொள்கை. மற்றொரு சாரார், நான்கு சக்கரத்திலும் உள்ள டிரம் பிரேக்குகளைக் கழற்றி எறிந்துவிட்டு, வேறொரு வண்டியின் டிஸ்க் பிரேக்குகளைப் பொருத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பர். இவ்விரண்டு கருத்துகளும் முழுமையானவையல்ல. மாற்றம் வேண்டுமா, வேண்டாமா என்பது இங்கே முதல் வினாவன்று. எதை முதலில் மாற்றுவது, எதைக் கடைசியில் மாற்றுவது என்னும் வரிசையே முதல் வினாவாகும்.

கணக்கு கூறும் உண்மை

பிரேக்கின் பணி, ஓடும் வண்டியின் இயக்க ஆற்றலை வெப்பமாக மாற்றிக் காற்றில் விடுவதாகும். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப வளரும். பயணிகளுடன் 1,400 கிலோகிராம் எடையுள்ள ஒரு வண்டி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 1,94,000 ஜூல் ஆகும். வேகம் 90 கிலோமீட்டரானால் அது 4,37,500 ஜூலாக உயர்ந்துவிடும். வேகம் ஒன்றரை மடங்கு; ஆற்றலோ இரண்டேகால் மடங்கு.

நான்கு டிரம்களின் மொத்த எடை 20 கிலோகிராம் என்றும், வெப்பம் முழுவதையும் அவையே ஏற்கின்றன என்றும் கொள்வோர்க்கு மேலும் ஓர் உண்மை புலப்படும். வார்ப்பிரும்பின் வெப்ப ஏற்புத்திறன் கிலோகிராமுக்கு டிகிரி ஒன்றுக்கு ஏறக்குறைய 460 ஜூல். ஆகவே 90 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒருமுறை நிறுத்தினால் டிரம்களின் வெப்பநிலை ஏறத்தாழ 47 டிகிரி உயரும். ஆற இடமின்றி ஐந்து முறை அடுத்தடுத்து நிறுத்தினால் உயர்வு 230 டிகிரியைக் கடக்கும். இந்நிலையில் லைனிங்கின் உராய்வு குறைகிறது. டிரம்மும் சூட்டினால் விரிந்து ஷூவைவிட்டு விலகுகிறது. பெடலை எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்க மறுக்கிறது. வெப்பத்தால் பிரேக் தளர்தல் என்று கூறப்படுவது இதுவே.

நிற்கும் தூரத்தையும் கணக்கிடலாம். உலர்ந்த சாலையில் சக்கரத்திற்கும் சாலைக்கும் உள்ள உராய்வுக் கெழு 0.7 எனவும், ஓட்டுநர் பெடலை மிதிக்க ஒரு வினாடி ஆகிறது எனவும் கொண்டால், 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்க மொத்தம் 37 மீட்டர் வேண்டும். 90 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்க 70 மீட்டருக்குமேல் வேண்டும்.

இக்கணக்கு தங்கவயலுக்கு இன்று புதிய பொருள் பெற்றுள்ளது. ஊர்காமிலிருந்து மாரிக்குப்பம் வரை ஊருக்குள் மெதுவாகச் சென்றுவந்த பழைய வண்டிக்கு அதன் டிரம் பிரேக் போதுமானதாக இருந்தது. ஆனால் பெங்களூரையும் சென்னையையும் இணைக்கும் விரைவுச்சாலை இன்று அருகிலுள்ள பேதமங்கலத்தை ஒட்டிச் செல்கிறது. விரைவுச்சாலைகளில் கார்களுக்கு மணிக்கு 120 கிலோமீட்டர் வரை வேகம் செல்லலாம் என 2018ஆம் ஆண்டின் மத்திய அரசு அறிவிக்கை வரையறுத்தது. புதிய வண்டிகள் அவ்வேகத்தில் ஓடி, திடீரென நிற்கவும் வல்லவை. அவற்றின் பின்னே வரும் பழைய வண்டி அதே தூரத்தில் நிற்க இயலாது. வண்டி பழையதாயினும் சாலை புதியது என்பதே மேம்பாட்டுக்குரிய நியாயமான காரணமாகும்.

முதற்படி: உள்ளதைச் செம்மை செய்தல்

பழைய வண்டியின் பிரேக் சரியில்லை என்று கூறுவோரில் பலர், உண்மையில் பழுதடைந்த பிரேக்கையே பழைய பிரேக்கின் இயல்பென மயங்குகின்றனர். டிரம் பிரேக்கில் முன்னணி ஷூ எனப்படுவது, சுழலும் டிரம்மால் தானே இழுக்கப்பட்டு மேலும் இறுகும் தன்மையுடையது. ஆதலால் செம்மையாகப் பேணப்பட்ட டிரம் பிரேக், ஒரு முறை நிறுத்துவதற்கு வேண்டிய வலிமையைப் பெற்றேயிருக்கும். அதன் குறை, மீண்டும் மீண்டும் நிறுத்தும்போதும் நீரில் நனைந்தபோதும் வெளிப்படுவதாகும்.

எனவே முதலில் செய்யவேண்டியவை செலவு குறைந்தவையே. வீல் சிலிண்டர்களின் ரப்பர் வாஷர்களை மாற்றுதல், வெடிப்புற்ற ரப்பர்க் குழாய்களை நீக்குதல், துருப்பிடித்த இரும்புக் குழாய்களைப் புதுப்பித்தல், டிரம்மின் உள்வட்டம் உற்பத்தியாளர் குறித்த அளவுக்குமேல் தேய்ந்துள்ளதா என்று அளத்தல், ஷூக்களைச் சரிவர ஒழுங்குபடுத்தல், கைப்பிரேக்கின் கம்பிவடத்தை இறுக்குதல், பழகிக் கெட்டிப்பட்ட டயர்களை மாற்றுதல் ஆகியவை இதில் அடங்கும். இறுதியில் கூறப்பட்ட டயர், சாலையோடு தொடர்புடைய ஒரே உறுப்பு. அது பிடிக்காவிடில் எந்தப் பிரேக்கும் பயன்படாது.

பிரேக் எண்ணெய் தனிக் கவனத்திற்குரியது. இவ்வெண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். டாட் 3 வகை எண்ணெய் புதிதாயிருக்கையில் குறைந்தது 205 டிகிரியில் கொதிக்கவேண்டும் என்பது தர அளவு. ஈரம் ஏறியபின் அவ்வளவு 140 டிகிரியாகக் குறைகிறது. டாட் 4 வகைக்கு இவை முறையே 230, 155 டிகிரி. கொதித்த எண்ணெயில் ஆவிக்குமிழ் தோன்றினால், அது எளிதில் அமுங்கிவிடுமாதலால் பெடல் அடிவரை சென்றும் அழுத்தம் பிறவாது. இரண்டாண்டுக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றுவது எந்தப் புதிய பொருத்தத்தையும்விட மலிவான காப்பாகும். சிலிக்கோன் வகையான டாட் 5 எண்ணெயை மற்றவற்றோடு கலத்தல் கூடாது என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இரண்டாம் படி: இரட்டை அழுத்த அமைப்பு

இங்கேதான் சுரங்கத்தின் பாடம் பயன்படுகிறது. பழைய கார்கள் பலவற்றில் ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே எண்ணெய்ப் பாதை நான்கு சக்கரங்களுக்கும் செல்லும். எங்கேனும் ஒரு குழாய் வெடித்தால் நான்கு பிரேக்குகளும் ஒருங்கே செயலிழக்கும். எஞ்சுவது பின்சக்கரங்களைப் பிடிக்கும் கைப்பிரேக் மட்டுமே.

இரட்டை மாஸ்டர் சிலிண்டர் இக்குறையைத் தீர்க்கிறது. அதனுள் ஒன்றன்பின் ஒன்றாக இரு பிஸ்டன்கள் இருந்து, முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் தனித்தனியே அழுத்தம் அனுப்புகின்றன. ஒரு பாதை கெட்டால் மற்றது வேலை செய்யும். நிற்கும் தூரம் மிகும். பெடலும் ஆழமாக இறங்கும். எனினும் வண்டி நிற்கும். சுரங்க எந்திரத்தைப் போல் முழுக் காப்பை அளிக்காவிடினும், ஒரே பழுதினால் எல்லாம் இழக்கும் நிலையை இது அகற்றுகிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1968ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து உற்பத்தியான பயணிகள் கார்களுக்கு இத்தகைய பிரிந்த அமைப்பு சட்டத்தால் கட்டாயமாக்கப்பட்டது.

டிஸ்க் பிரேக்கிற்கு உள்ள கவர்ச்சி இரட்டைச் சிலிண்டருக்கு இல்லை. அது எந்திர அறையின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் அமர்ந்திருக்கும்; பார்ப்போர் பாராட்டுவதில்லை. ஆயினும் குடும்பத்துடன் நெடுஞ்சாலையில் செல்லும் ஒரு பழைய வண்டிக்கு முதன்மையாகத் தேவைப்படும் மாற்றம் இதுவேயாகும். டிஸ்க் பிரேக்கைப் பொருத்திவிட்டு ஒற்றைச் சிலிண்டரை அப்படியே விட்டுவைப்பது, வாயிற்கதவை எஃகினால் செய்து தாழ்ப்பாளை மறந்ததற்கு ஒப்பாகும்.

மூன்றாம் படி: டிஸ்க் பிரேக்

டிஸ்க் பிரேக் புதிய கண்டுபிடிப்பன்று. இங்கிலாந்தில் பிரெடரிக் லாஞ்செஸ்டர் 1902ஆம் ஆண்டிலேயே அதற்கு உரிமைச்சான்று பெற்றார். 1953ஆம் ஆண்டு பிரான்சின் லெ மான் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் வண்டி வென்றபின், உலகம் அதன் பயனை உணர்ந்தது. தட்டு வெளிக்காற்றில் திறந்திருப்பதால் விரைவில் ஆறுகிறது. நீரையும் சுழற்சியால் உதறிவிடுகிறது. சூடேறி விரிந்தாலும் தட்டு பேடை நோக்கியே தடிக்குமாதலால் பெடல் ஆழம் மிகுவதில்லை.

ஆனால் டிரம் பிரேக்கிலுள்ள தானே இறுகும் தன்மை இதற்கில்லை. எனவே மிகுந்த அழுத்தம் தேவை. அதற்காகவே வெற்றிட உதவியுள்ள சர்வோ பொருத்தப்படுகிறது. சர்வோ காலின் உழைப்பைக் குறைக்குமேயன்றி டயரின் பிடிப்பை மிகுவிக்காது என்பதை உரிமையாளர்கள் அறிதல் நன்று. மேலும் டிரம் பிரேக்கிற்கான சில மாஸ்டர் சிலிண்டர்களில் சிறிதளவு அழுத்தத்தை எப்போதும் நிறுத்திவைக்கும் வால்வு ஒன்று உண்டு. டிஸ்க் பொருத்தியபின் அதனை நீக்காவிடில், பேடுகள் தட்டை உரசிக்கொண்டேயிருந்து சூடேறும். சிலிண்டரின் விட்டமும் புதிய காலிப்பரின் பிஸ்டனுக்கு ஏற்றதாயிருத்தல் வேண்டும்.

எல்லாவற்றினும் இன்றியமையாதது முன்பின் சமநிலையாகும். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னோக்கிச் சாய்கிறது. அம்பாசிடரின் இருசக்கர இடைத்தூரம் ஏறத்தாழ 2.46 மீட்டர். புவியீர்ப்புமையத்தின் உயரம் 0.55 மீட்டர் எனவும், பிரேக்கின் வேகக்குறைவு புவியீர்ப்பு முடுக்கத்தில் பத்தில் ஏழு பங்கு எனவும் கொண்டால், வண்டியின் மொத்த எடையில் ஏறக்குறைய 16 விழுக்காடு பின்சக்கரங்களைவிட்டு முன்சக்கரங்களுக்குச் சென்றுவிடும். பாரம் குறைந்த பின்சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டால் வண்டி சுழன்றுவிடும். ஆகவே எந்த மாற்றத்திற்குப் பின்னரும் முன்சக்கரங்களே முதலில் பூட்டுதல் வேண்டும் என்பது மாறா விதி. பல வண்டிகளிலிருந்து உறுப்புகளைத் திரட்டி ஒட்டுவதில் இச்சமநிலை கெடுகிறது. அம்பாசிடரின் பிற்கால வகைகள் சிலவற்றில் உற்பத்தியாளரே முன்சக்கர டிஸ்க் பிரேக்கைப் பொருத்தியிருந்தனர். அத்தகைய முழுத் தொகுதியை எடுத்துக்கொள்வது, பல இடத்துத் துண்டுகளை இணைப்பதைவிடப் பாதுகாப்பானது.

தூசியைப் பற்றிய எச்சரிக்கை

பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருந்தது. அதன் நுண்தூசி நுரையீரலிற் படிந்து, பல ஆண்டுகளுக்குப் பின் புற்றுநோய்க்கும் காரணமாகலாம். டிரம்மைத் திறந்தவுடன் காற்றுக்குழாயால் ஊதித் துப்புரவு செய்யும் வழக்கம் பட்டறைகளிலிருந்து ஒழியவேண்டும். ஈரத்துணியால் துடைத்தலே முறை. பாறைத்தூசியால் விளைந்த சிலிக்கோசிஸ் நோயினால் தந்தையரையும் பாட்டன்மாரையும் இழந்த குடும்பங்கள் வாழும் தங்கவயலில் இதனை விரித்துரைக்கத் தேவையில்லை. தூசி அன்றே கொல்வதில்லை. ஆதலால்தான் அது அலட்சியப்படுத்தப்படுகிறது. புதிய லைனிங் வாங்குவோர் கல்நார் அற்றதையே கேட்டு வாங்குதல் வேண்டும்.

சட்டமும் தெளிவும்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றினின்று மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இப்பிரிவைக் கண்டிப்பான பொருளிலேயே விளக்கிற்று. 2021ஆம் ஆண்டில் மத்திய அரசு வெளியிட்ட பழம்பெரும் வாகன விதிகள், 50 ஆண்டைக் கடந்து, அசல் வடிவில் பேணப்பட்டு, சட்டகம், கூடு, எந்திரம் ஆகியவற்றில் பெருமாற்றம் செய்யப்படாத வண்டிகளுக்குத் தனிப் பதிவை அளிக்கின்றன. அவ்வாறு பதிவான வண்டிகள் அன்றாடப் போக்குவரத்திற்கு உரியவையல்ல. காட்சி, அணிவகுப்பு, ஆராய்ச்சி போன்றவற்றிற்கே உரியவை.

அவ்விதிகள் பெயர் கூறும் உறுப்புகளுள் பிரேக் இல்லை. ஆயினும் அசல் வடிவம் என்னும் சொல் எதுவரை செல்லும் என்று உரிமையாளர் அஞ்சுவது இயல்பே. அவ்வச்சத்தினால் ஒருவர் இரட்டைச் சிலிண்டரைத் தவிர்ப்பாராயின், பாதுகாப்பிற்காக எழுந்த சட்டம் பாதுகாப்பிற்கே இடையூறாகிவிடும். அழகிற்காகவும் வேகத்திற்காகவும் செய்யும் மாற்றங்களையும், நிறுத்துவதற்காகச் செய்யும் மாற்றங்களையும் ஒரே தட்டில் வைத்தல் பொருந்தாது. இரட்டை அழுத்த அமைப்பு, அதே உற்பத்தியாளரின் பிற்கால பிரேக் தொகுதி ஆகிய இரண்டையேனும் தக்க ஆய்வுக்குப்பின் ஏற்கத்தக்கவை என விதிகளில் வெளிப்படையாகக் கூறிவிடுவது நலம். அதுவரையில், மாற்றத்திற்கு முன்னரே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்தால் கேட்டறிதலும், கழற்றிய அசல் உறுப்புகளைக் குறிப்புடன் பாதுகாத்துவைத்தலும் அறிவுடைமையாகும்.

பள்ளியிலும் பட்டறையிலும்

பிரேக்கின் தத்துவத்தைக் கற்பிக்க ஆசிரியர்களுக்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. வெவ்வேறு விட்டமுள்ள இரு ஊசிக்குழல்களை நீர் நிறைந்த ரப்பர்க் குழாயால் இணைத்தால் பாஸ்கல் விதியை மாணவர் கையாலேயே உணர்வர். குழாயினுள் ஒரு காற்றுக்குமிழைப் புகவிட்டு மீண்டும் அழுத்தச் செய்தால், பிரேக் எண்ணெயில் ஆவி தோன்றுவதன் அபாயம் அக்கணமே விளங்கும். மூன்றாவது ஊசிக்குழலைச் சேர்த்து ஒரு குழாயைத் துண்டித்துக் காட்டினால், ஒற்றைப் பாதையின் குறை தெளிவாகும். சைக்கிளின் விளிம்பு நனைந்தபின் பிரேக் எவ்வாறு நழுவுகிறது என்பதை மாணவர் முன்னமே அறிவர்.

களப்பணியாளர்களுக்கு உரிய பணி வேறு. பட்டறைக்குச் செல்கையில் பெடலை ஒரு நிமிடம் தொடர்ந்து மிதித்திருந்து அது மெல்ல இறங்குகிறதா என்று பார்க்கவும், எண்ணெய் கடைசியாக மாற்றப்பட்ட தேதியை வினவவும், மாற்றம் செய்த வண்டியை ஆளில்லாத் திடலில் குறைந்த வேகத்தில் சோதித்த பின்னரே சாலைக்கு விடவும் அவர்கள் வற்புறுத்தலாம். திரவ அழுத்தத்தைக் கையாளும் கைத்திறன் தங்கவயலுக்குப் புதிதன்று. 1964ஆம் ஆண்டில் தோன்றிய பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவனத்தின் ஆலை இவ்வூரில் புல்டோசர்களையும் மண்வாரி எந்திரங்களையும் உருவாக்கிவருகிறது. அவ்வறிவு ஆலையின் மதிலைக் கடந்து சிறு பட்டறைகளுக்கும் பரவுதல் வேண்டும்.

பழைய வண்டியைப் பேணுவது பாராட்டத்தக்க செயல். ஆனால் அதில் ஏறுவோரும் அதன்முன் சாலையைக் கடப்போரும் இன்றைய மக்கள். தந்தையார் விட்டுச்சென்ற வண்டியைப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓட்டுபவர், அதன் வண்ணத்தையும் முகப்பையும் பழையபடியே வைத்துக்கொள்ளட்டும். ஒரு குழாய் வெடித்த நாளிலும் அவ்வண்டி நிற்குமா என்னும் வினாவிற்கு மட்டும், இன்றைய அறிவைக் கொண்டு அவர் விடை கண்டாக வேண்டும்.